தேன் பருந்து வந்த சனிக்கிழமை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கண்டிப் பக்கத்துக் குளங்களில் பறவைகளுக்கு ஒரே அவசரம். குளிர் காலத்துக்கு வந்தவை வடக்கே திரும்பிப் போக வேண்டும். போவதற்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆள் நிற்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கரையில் இறங்கி மேயும். அந்த இரண்டு மூன்று வாரங்களுக்காகத்தான் பெற்றீசியாவும் றம்லத்தும் வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

இருவரும் கண்டிக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒரே பிரிவில் வேலை செய்தார்கள். நான்கு வருடங்களுக்கு முன்பு, கூடிக்கொண்டே போன சீனி வருத்தத்துக்காக றம்லத்தை டொக்டர் நடக்கச் சொல்ல, துணைக்குப் பெற்றீசியாவும் கண்டி வாவியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். நடக்கும்போது மரத்தில் இருந்த கூழைக்கடாக்களை எண்ணினார்கள். எண்ணுவது பழக்கமாகிவிட்டது. பிறகு ஒரு பைனாகுலர் வந்தது. பிறகு றம்லத் ஒரு கமெரா வாங்கினாள். வாவி போதாமல் சனிக்கிழமைகளில் பல்லேகல பக்கம், கடுகண்ணாவை பக்கம் என்று குளம் குட்டை தேடிப் போகத் தொடங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஹேவாஹெட்டவுக்குப் போவது றம்லத்தின் யோசனை. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் நடுவே சின்னக் குளம் ஒன்று இருந்தது. அதன் எதிர்க்கரைப் பாறைக்குத் தேன் பருந்து வருகிறது என்று யாரோ இணையத்தில் படத்தோடு போட்டிருந்தார்கள்.

பெற்றீசியா வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். வாவிக்குப் போவதாகத்தான் கணவன் சுவக்கினிடம் சொன்னாள். போன டிசம்பரில் மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியைத் துப்புரவாக்கும்போது அவளைக் குளவி கொட்டியது. இரண்டே இரண்டு. ஐந்து நிமிடத்தில் உதடு தடித்து, தொண்டை அடைத்து, முற்றத்தில் விழுந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தபோது டொக்டர் சுவக்கினிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: குளவியோ தேனீயோ, இனி ஒன்று கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து. சுவக்கின் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "வாவிய சுத்தி நட. வேற எங்கயும் போகக் கூடாது."

டிசம்பரில் ஆஸ்பத்திரியில் கிடந்தது காய்ச்சலுக்கு என்று மட்டும் றம்லத்திடம் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவளும் கூட்டிக்கொண்டு போக மாட்டாள். சனிக்கிழமைகள் போய்விடும்.

எட்டு மணிக்கு முன்பே குளத்துக்கு வந்துவிட்டார்கள். வெயில் இன்னும் சரிவில் இறங்கவில்லை. தண்ணீரில் இரண்டு முக்குளிப்பான்கள். கரைக் கல்லில் ஒரு வாலாட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. பெற்றீசியா அதைப் பைனாகுலரில் பார்த்தாள். அப்படியே கண்ணாடியை மெல்ல உயர்த்தி எதிர்க்கரைப் பாறையைப் பார்த்தபோது அவள் கை நின்றது.

பாறையின் அடியில் ஐந்து கூடுகள் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு முறத்தளவு. கறுப்பாக, ஈரமாக இருப்பதுபோல் மினுங்கின. அந்தக் கறுப்பு அடிக்கடி அலை அலையாக நெளிந்தது. பாறையில் கூடு கட்டும் பெரிய தேனீ அது. தோட்டத்தில் அதையும் குளவி என்றுதான் சொல்வார்கள்.

"றம்லத், அந்தப் பாறையப் பாத்தீங்களா?"

"பாத்தன். அதுக்குத்தானே வந்தீக்கிறோம். தேன் பருந்து அந்தக் கூட்டுக்குத்தான் வரும்."

"கிட்டத்துல இருக்கே."

"எங்க கிட்ட? குளத்துக்கு அந்தப் பக்கம். நீங்க என்ன இண்டைக்கு இப்பிடிப் பயப்பிடுறீங்க?"

பெற்றீசியா கைப்பையைத் தடவிப் பார்த்தாள். கொட்டினால் உடனே விழுங்கச் சொல்லி டொக்டர் கொடுத்த குளிசை மட்டை உள்ளே இருந்தது. அவள் கொஞ்சம் பின்னால் போய் தேயிலைச் செடிகளின் ஓரமாக நின்றுகொண்டாள். றம்லத் கமெராவோடு தண்ணீர் ஓரத்துக்கே போனாள்.

அப்போது மேல் ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தாள். கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்று செடி மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பியவள் இவர்களைக் கண்டு நின்றாள்.

"மிஸ், இங்க நிக்காதீங்க. நேத்தும் முந்தாநாளும் பருந்து வந்து கூட்டக் கலைச்சிருச்சு. கங்காணி எங்க எல்லாரையும் கீழ் மலைக்கு மாத்திட்டாரு. நான் இத மறந்து வச்சுட்டுப் போயி எடுக்க வந்தேன்."

"பருந்து எத்தின மணிக்கு வந்த?" றம்லத் ஆவலோடு கேட்டாள்.

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது மணி பாத்தா வரும்? வந்துச்சுன்னா ஓடாதீங்க மிஸ். ஓடுனா வெரட்டும். செடிக்கடியில படுத்துறணும்."

"ஒங்க பேரு என்னக்கா?" பெற்றீசியா கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் போய்விடக் கூடாது என்றிருந்தது.

"சுந்தரி."

"றம்லத், வாங்க, போயிருவோம்."

"அஞ்சு நிமிஷம், பெற்றீ. அஞ்சே நிமிஷம்."

ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். றம்லத் அந்த நிமிடமே கமெராவைப் பைக்குள் போட்டிருப்பாள். அந்த வசனம் பெற்றீசியாவின் நாக்கு வரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை.

பருந்து சத்தமில்லாமல் வந்தது. பாறைக்கு மேலிருந்து ஒரு பெரிய பழுப்பு உடல் சரிந்து இறங்கி, முதல் கூட்டில் கால்களைப் பதித்துத் தொங்கியது. அகலமாக விரிந்த இறகுகளில் வரி வரியாகக் கோடுகள். சின்னத் தலை. கண் மஞ்சள். பயத்தின் நடுவிலும் அது அழகாக இருந்ததை பெற்றீசியா பார்த்தாள். றம்லத்தின் கமெரா படபடவென்று அடித்தது. பருந்து ஒரு துண்டுக் கூட்டைப் பிய்த்துக்கொண்டு குளத்துக்கு மேலாக, நேராக இவர்கள் பக்கம் பறந்தது.

அதன் பின்னால் கூடு அவிழ்ந்தது. பாறையின் அடியில் இருந்த கறுப்பு பிரிந்து புகைபோல் வானத்தில் ஏறியது. பிறகுதான் சத்தம் வந்தது.

"படுங்க!" சுந்தரி கத்தினாள். "மிஸ், படுங்க!"

அவள் பெற்றீசியாவின் தோளைப் பிடித்து இழுத்துச் செடிக்கடியில் தள்ளி, தானும் விழுந்து, படங்கை இருவர் மேலும் இழுத்தாள். பெற்றீசியாவின் முகம் மண்ணில் அழுந்தியது. படங்கின் மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் பட், பட் என்று விழத் தொடங்கியது.

"றம்லத்!"

"பெற்றீ! அல்லாஹ்வே! பெற்றீ!"

றம்லத் ஓடிவிட்டாள். காலடிகள் கேட்டன. பிறகு தண்ணீரில் விழும் சத்தம். பிறகு இருமல், மறுபடி கத்தல். அவள் கூப்பிட்டது பெற்றீசியாவின் பெயரைத்தான்.

"தண்ணிக்குள்ள எறங்கிட்டாங்க," சுந்தரி காதோடு சொன்னாள். "தல மேல வர வரக் கொட்டும். நாம போயி இழுத்துட்டு வரணும் மிஸ். தண்ணி எறைக்கிற மோட்டார் ரூம் கிட்டத்துலதான், அதுக்குள்ள போயிரலாம்."

பெற்றீசியாவுக்கு உடம்பு அசையவில்லை. "அக்கா, என்னால ஏலாது. ஒண்ணு கொட்டுனாலும் நான் செத்துருவேன். டொக்டர் சொன்னாரு. சத்தியமா."

சுந்தரி குளத்துப் பக்கம் காது கொடுத்தாள். வெளியே றம்லத்தின் குரல் கம்மிப் போயிருந்தது.

"சரி. ஓரத்த மண்ணோட அழுத்திப் புடிச்சுக்குங்க. நான் வந்து தொடுற வரைக்கும் தூக்காதீங்க."

படங்கு ஒரு பக்கம் உயர்ந்தது. வெளிச்சம் வந்தது. சுந்தரி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். பெற்றீசியா ஓரத்தை இழுத்து முழங்கையால் அழுத்தினாள்.

பிறகு அவள் தனியாக இருந்தாள். வெளியே ஒரே இரைச்சல். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள், அடுத்த வரி வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். சுந்தரி ஒரு முறை ஐயோ என்று கத்தியது கேட்டது. தண்ணீர் அடிபடும் சத்தம். ஒரு தகரக் கதவு அடைபடும் சத்தம். றம்லத்தின் குரல் இல்லை. இறந்துவிட்டாளா, உள்ளே போய்விட்டாளா? படங்கைத் தூக்கிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் கிடக்கவும் பயம்.

அப்போது மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது.

சுந்தரி போனபோது உள்ளே வந்திருக்க வேண்டும். மங்கலான நீல வெளிச்சத்தில் அது தெரிந்தது. நீளமான உடல், புகை படிந்த கண்ணாடிபோல் இறகு. மெதுவாகக் கைமேல் ஏறியது. உதறினால் கொட்டும். படங்கைத் தூக்கினால் வெளியே ஆயிரம். அவள் மூச்சை அடக்கினாள். அது முழங்கை மடிப்புவரை வந்து நின்றது. திரும்பியது. போய்விடும் என்று நினைத்தாள். அவள் கை தானாக நடுங்கியது. அது கொட்டியது.

வலியைவிடப் பயம்தான் முதலில் வந்தது. கைப்பையைத் துழாவிக் குளிசையை எடுத்துத் தண்ணீரில்லாமல் கடித்து விழுங்கினாள். உள்ளங்கை அரித்தது. பிறகு காது. பிறகு உதடு. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் சுவக்கின் தனியாகத் தேத்தண்ணீர் ஊற்றிக் குடிப்பது அவள் கண் முன் வந்தது. அவள் வாவியில் நடக்கிறாள் என்றுதான் அவன் இப்போதும் நினைத்துக்கொண்டிருப்பான்.

படங்கின் மேல் ஒரு கை அழுத்தியது. "மிஸ், எழும்புங்க. கொறஞ்சிருச்சு."

சுந்தரியின் முகம் அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடிவிட்டது. "ஒங்களுக்குமா?" என்றாள். பெற்றீசியாவால் தலையாட்டத்தான் முடிந்தது. சுந்தரி அவளைத் தன் தோளில் சாய்த்துச் சரிவில் ஏற்றினாள். மேலே ரோட்டில் கொழுந்து லொறி வந்துகொண்டிருந்தது. சுந்தரி நடுரோட்டில் நின்று அதை மறித்தாள். லொறிக்காரன் சாக்குகளை இழுத்துத் தள்ளி இடம் செய்தான். மோட்டார் அறையிலிருந்து றம்லத்தைத் தூக்கி வந்ததும் அவன்தான். நனைந்த அபாயாவும் ஸ்கார்ஃபும் அவளை ஓரளவு காப்பாற்றியிருந்தன, முகத்தையும் கைகளையும் அல்ல. அவள் பெற்றீசியாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். பெற்றீசியாவுக்கு அது கேட்கவில்லை. மூச்சு ஒரு நூலளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த நூல் அறுந்துவிடக் கூடாது என்பது மட்டுமே அவள் நினைவு.

பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டாவது ஊசிக்குப் பிறகு மூச்சு அகலமானது. இதயம் அடித்த அடியில் கட்டில் ஆடுவதுபோல் இருந்தது. அவள் அழத் தொடங்கினாள்.

பின்னேரம் மூவரும் வரிசையாகக் கிடந்தார்கள். சுந்தரியின் உடம்பில் நாற்பத்தொரு கொடுக்கு எடுத்ததாக நேர்ஸ் சொன்னாள். றம்லத்தினுடையது இன்னும் எண்ணி முடியவில்லை.

"ஏன் என்கிட்டச் சொல்லல்ல?" றம்லத்தின் உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் நசுங்கி வந்தன. "நான் ஒங்களக் கொல்லப் பாத்தீக்கிறேன். தெரியாமலே."

"சொன்னா நீங்க கூட்டிட்டுப் போக மாட்டீங்க."

"போகத்தான் மாட்டன்!" என்று சொல்லி றம்லத் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெற்றீசியா மற்றப் பக்கம் திரும்பினாள். "சுந்தரிக்கா, நானும் வந்திருக்கணும். அவ என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டா."

"வந்திருந்தா ரெண்டு பேரத் தூக்கணும்," சுந்தரி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒரு ஆளத் தூக்கத்தான் தெம்பு இருந்துச்சு."

தகவல் கிடைத்து, சுவக்கின் இருட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தான். ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கட்டிலின் காலடியில் நின்று, "யாரு உன்னத் தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டான். அவள் காட்டினாள். அவன் சுந்தரியின் கட்டிலருகே போய்க் கதிரையில் உட்கார்ந்தான். அவளுடைய வீங்கிய முகத்தையே பார்த்தான். சுந்தரிதான், "அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சேர், பயப்படாதீங்க," என்றாள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, பெற்றீசியாவும் சுவக்கினும் சுந்தரியைப் பார்க்க பஸ் ஏறினார்கள். தேன் பருந்தும் வாலாட்டிகளும் போய்விட்ட காலம். தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தேயிலைக்குள் இறங்கும் பாதையைப் பார்த்ததும் பெற்றீசியாவின் கால் நின்றுவிட்டது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவக்கின் தனியாகத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சுந்தரியைக் கூட்டி வந்தான். முகத்தில் வீக்கம் இல்லை. கழுத்தில் கறுத்த புள்ளிகள் மட்டும்.

"மன்னிச்சுக்குங்கக்கா. கீழ எறங்க ஏலாமப் போச்சு. பயம்."

"எனக்கும் பயந்தான் மிஸ்," சுந்தரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதுக்குப் பொறவு அந்த மலப் பக்கம் நான் போகல்ல. நாளைக்கு அங்கதான் கொழுந்து எடுக்கணும். கங்காணி சொல்லிட்டாரு."

"கூடு?"

"அப்பிடியேதான் தொங்குதாம்."

பெற்றீசியா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அது குளிர்ந்து போயிருந்தது. கண்டி பஸ் வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.