மூன்று ஷிப்டும் பட்டினி

எங்கள் துரைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்ட கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துரை என்பது பூனை. பிள்ளைப்பாக்கத்தில் நானும் சத்யப்பிரியாவும் இசக்கியும் சேர்ந்து இருக்கும் வீட்டில் நான்காவது ஆள். எங்கள் மூவருக்கும் ஒரே கம்பெனி, ஆனால் வேறு வேறு ஷிப்டு. ஒருத்தி வேனிலிருந்து இறங்கும்போது இன்னொருத்தி ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை தவிர மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதே கிடையாது.

ஒரு திங்கட்கிழமை துரை தன் மண் தட்டில் உட்கார்ந்து முக்கு முக்கென்று முக்கினான். ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றில் கை வைத்தால் கத்தினான். வாரிப் போட்டுக்கொண்டு குன்றத்தூர் டாக்டர் பிரசன்னாவிடம் ஓடினேன். குழாய் விட்டு எடுத்தார். மூத்திரத்தில் படிகம் உருவாகி மணல் மாதிரி வழியை அடைத்திருக்கிறதாம்.

"ஆம்பளப் பூனைக்கு வழி ரொம்பக் குறுகல்மா. தண்ணி கம்மியா குடிச்சு, உப்புச்சத்து ஏறினா இப்படித்தான் ஆகும். இனிமே நான் தர்ற டப்பா சாப்பாடு மட்டும்தான். நல்லா தண்ணி கலந்து குடுங்க. வேற ஒண்ணும் வாயில படக்கூடாது. மறுபடி அடைச்சா ஆபரேஷன். லேட்டாச்சுன்னா உயிரே போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினேன். 'துரைக்குக் கருவாடு கிடையாது. கொடுக்கிறவள் கையை உடைப்பேன். இப்படிக்கு மெர்சி.'

மூன்று வாரம் கழித்து ஞாயிறு காலை மறுபடி பரிசோதனை. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். முகம் சரியில்லை.

"குறையவே இல்லையே. வீட்ல யாரோ வேற ஏதோ குடுக்கிறாங்க."

யாரோ என்ன யாரோ! தூத்துக்குடிக்காரி இசக்கிதான். ஊருக்குப் போய்விட்டு வந்தால் அவள் பையிலிருந்து துணிமணிக்கு முன்னால் நெத்திலிக் கருவாடு இறங்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு கீதா? அவன் செத்துப் போனா இன்னாடி பண்ணுவ?"

"ஏட்டி, சும்மா கத்தாத," என்றாள் இசக்கி. "ஷிப்டு முடிஞ்சு வந்தா பிள்ள வாசல்லயே நின்னு அழுதான். நீங்க ரெண்டு பேரும் பட்டினி போட்டுட்டீயன்னு நெனச்சேன். ஒரே ஒரு நெத்திலி. அதயும் கழுவித்தான் குடுத்தேன்."

"தினமுமா?"

"அவன் தினமும்லா அழுதான்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சத்யப்பிரியா தலையைத் தூக்கவில்லை. "என்னாண்டயும் அழுதான்டி," என்றாள் மெல்ல. "பழைய காஞ்ச தீனி பாக்கெட்டு மிச்சம் இருந்துச்சு. ஒரு பிடிதான் போட்டேன்."

அடப்பாவிகளா! நான் வாயைத் திறப்பதற்குள் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ?"

"நானா? நான் டப்பா மட்டும்தான்."

"பைபிள் மேல கை வெச்சு சொல்லு," என்றாள் சத்யப்பிரியா.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "நான் வரும்போதும் அழுதாண்டி. வறுத்த மீன்ல முள்ள எடுத்துட்டு... கொஞ்சூண்டு. கருவாடு இல்லல்ல? கருவாடுதானே கூடாதுன்னு எழுதினேன்!"

இசக்கி சிரித்த சிரிப்பில் சுவரில் போய்ச் சாய்ந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. மூன்று ஷிப்டிலும் பட்டினி என்று நாடகம் ஆடி மூன்று வேளை விருந்து தின்றிருக்கிறான் திருட்டுப் பயல். நாங்களோ, மற்றவளுக்கு இரக்கமில்லை என்று நினைத்து, பாசத்தாலேயே அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

"கம்பெனி லைன்ல அடுத்த ஷிப்டுக்கு வெவரம் சொல்லாம போனா சூப்பர்வைசர் சும்மா வுடுவானா?" என்றாள் சத்யப்பிரியா. "வூட்ல மட்டும் நாம ஏன் சொல்லிக்கல?"

அன்றே ஒரு நோட்டு வாங்கிக் கதவில் கட்டினோம். எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர், மூத்திரம் போனானா. எழுதிக் கையெழுத்துப் போடாமல் யாரும் வேன் ஏறக்கூடாது. படிக்காமல் யாரும் டப்பாவைத் தொடக்கூடாது.

மறுநாள் மதியம் நான் ஷிப்டு முடிந்து வந்தேன். துரை ஏழு நாள் பட்டினி கிடந்தவன் குரலில் அழுதான். நோட்டைப் பார்த்தேன். ஒரு மணிக்குத்தான் வயிறு நிறையத் தின்றிருக்கிறான். 'மூத்திரம்' என்ற இடத்தில் மட்டும், 'காலையிலிருந்து இல்லை' என்று இருந்தது.

மறுபடி அடைத்துக்கொண்டதா? அவன் முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடுவேன். மீன் குழம்புத் தட்டோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே கதவைப் பிராண்டிக்கொண்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒரு வாய்கூட இறங்கவில்லை. திடீரென்று சத்தம் நின்றது.

பதறிக் கதவைத் திறந்தேன். துரை மண் தட்டில் உட்கார்ந்திருந்தான். சர்ரென்று நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முடித்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடினான். நேராக என் காலடிக்கு வந்து, தட்டைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"திட்டுடா ராசா. நூறு வயசு வரைக்கும் இருந்து என்னைத் திட்டிக்கினே இரு."