அழுத்தாத நீலப் பொத்தான்

ஒரு மின்னஞ்சல் குழுவை நடத்த எவ்வளவு தலைக்கனம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எங்கள் ஊருக்கு வந்து வால்டர் எச்செவெரியைப் பார்க்கலாம். அதே குழுவை நாசமாக்க எவ்வளவு வேண்டும் என்று பார்க்க தலைநகர் மொந்தெவிதெயோ வரை அலைய வேண்டாம். அதை நாசமாக்கிய புண்ணியவானும் வாரக்கடைசியில் இங்கேதான் மாமனார் வீட்டில் உட்கார்ந்து இறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருப்பான்.

நாங்கள் நெக்ரோ ஆற்றின் இரு கரையிலும் தேனீ வளர்க்கிறவர்கள். குழுவின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினால் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். வால்டர் தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வேறு யாருக்கும் பொழுது இல்லாததால் குழு அவர் கைக்குப் போனது. போனதும் அவர் ராஜாவாகிவிட்டார். படம் கூடாது. வண்ண எழுத்து கூடாது. பதிலைக் கேள்விக்குக் கீழேதான் எழுத வேண்டும். என் ராணித்தேனீ முட்டையிடாமல் கிடந்தபோது நான் பதறிப்போய், விவரம் கேட்டவருக்குப் பதிலை மேலே எழுதிவிட்டேன். மனுஷர் கடிதத்தை நிறுத்திவைத்துவிட்டார். நான் திருத்தி அனுப்புவதற்குள் ராணி செத்துப்போனாள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. கடிதத்தில் எதையாவது அழுத்தச் சொன்னால் அது மோசடி, உடனே அழித்துவிடு. மாதம் தவறாமல் இதை எங்களுக்கு ஓதுவார். நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டுவோம்.

இத்தனையையும் சகித்துக்கொண்டு நாங்கள் குழுவில் கிடந்ததற்கு ஒரே காரணம் யமந்தூ. சோயா வயல்களுக்கு விமானத்தில் பூச்சிமருந்து தெளிக்கிறவன் அவன். முந்தின நாள் மாலையே எந்த வயல், எத்தனை மணி என்று குழுவுக்கு இரண்டு வரி எழுதிவிடுவான். அந்தப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் தேனீக்கள் கூடு திரும்பியதும் போய் வாசலில் ஈரச் சாக்கைப் போட்டு அடைத்துவிடுவோம். மறுநாள் விமானம் போய், மருந்து அடங்கிய பிறகு திறப்போம். அந்த இரண்டு வரி வரவில்லை என்றால் தேனீ இல்லை. எனக்கோ வேறு பிழைப்பும் இல்லை.

இந்த நிலையில்தான் எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத் தலைவரின் மருமகன் ஃபெதே வந்து சேர்ந்தான். கணினிப் படிப்பு. கூட்டத்தில் எழுந்து நின்றான்.

“இது என்னங்க, பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கு உங்க குழு? எல்லாத்தையும் புதுசா மாத்தித் தரேன். படம் போடலாம், தேடலாம், லைக் போடலாம்.”

“தேனீக்கு லைக் போட்டா தேன் கூட வருமா?” என்று கேட்டேன்.

“தோன்யா எல்பா,” என்று மரியாதையாகக் கூப்பிட்டான், “உங்களுக்குப் போகப்போகப் பிடிச்சிடும் பாருங்க.”

வால்டர் மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்து உறிஞ்சிக்கொண்டே இருந்தார். தலைவர் கைதட்டினார், முடிவாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. மேலே சிரிக்கிற தேனீ ஒன்று, நாலே காலோடு. தேனீக்காரர்களுக்கு நாலு கால் தேனீயை அனுப்புகிறவனை என்னவென்று சொல்வது? கீழே பெரிய நீலப் பொத்தான். ‘புதிய குழுவில் தொடர இதை அழுத்தவும். அழுத்தாதவர்கள் நீக்கப்படுவார்கள்.’ அன்று சாயங்காலமே வால்டரிடமிருந்து ஒரு கடிதம். பழைய குழுவின் கடைசிக் கடிதம் அது; அதோடு அந்த முகவரியை மூடிவிட்டார்கள், எங்களுக்குத்தான் தெரியாது. ‘நீலப் பொத்தானோடு ஒரு கடிதம் உலவுகிறது. நம் சட்டம் தெரியுமல்லவா? அழித்துவிடவும்.’

அழித்தோம். ஒருத்தர் பாக்கியில்லாமல் அழித்தோம்.

பிறகு ஒரே அமைதி. ஜனவரி மாதம், எங்கள் பக்கம் கோடை வெயில், பாதிப் பேர் கடற்கரைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேனீ உண்ணிக்கான மருந்தைப் பற்றி ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் கடிதங்கள் இல்லாமல் நிம்மதியாகச் சமைத்தேன்.

ஒரு காலை என் பெட்டிகள் இருக்கும் தோப்புக்குப் போனேன். இரைச்சல் இல்லை. பெட்டிகளுக்கு முன்னால் தரையே கறுப்பாக இருந்தது. கால் வைக்க இடமில்லாமல் தேனீக்கள், நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தன. சில இன்னும் சுற்றிச்சுற்றி நகர்ந்தன. மூடியைத் திறந்து பார்த்த பெட்டியிலெல்லாம் அதே கதைதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. நேராக விமானத் திடலுக்கு வண்டியை விட்டேன். யமந்தூ என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

“நான் எழுதினேனே தோன்யா! புது முகவரிக்குத்தான் எழுதணும்னு அந்தப் பையன் போன் பண்ணிச் சொன்னான். இந்தா, நீங்களே பாருங்க.”

போனை நீட்டினான். வயலின் பெயர், நேரம், எல்லாம் சரியாக இருந்தது. கீழே ஃபெதேயின் பதில்: ‘நன்றி யமந்தூ! புதிய தளத்தில் உங்கள் முதல் பதிவு!’ பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

சங்கத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள். என் தோப்புக்குப் பக்கத்தில் பெட்டி வைத்திருந்தவர்களும் என்னைப் போலவே முகம் வெளுத்து வந்திருந்தார்கள். ஃபெதே தன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டான்.

“சிஸ்டத்துல ஒரு தப்பும் இல்ல. மெயில் போயிருக்கு, பட்டியல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்ந்திருக்கு.”

“பட்டியல்ல யாரு யாருப்பா?” என்று கேட்டேன்.

திரையைப் பார்த்துப் படித்தான். “நான், மாமா, அப்புறம்... காலிப் பெட்டி விக்கிறவர்.”

“எங்களையெல்லாம் காணோமேன்னு உனக்குத் தோணவே இல்லையா?”

“யாரும் புகார் பண்ணலையே! எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்.”

புகார் எழுத வேண்டிய இடமும் அந்தக் குழுதான் என்பது இவ்வளவு படித்தவனுக்கு உறைக்கவில்லை. அவன் மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு சிரிப்பு. வால்டர் எழுந்து நின்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம் பளபளவென்று இருந்தது.

“பாத்தீங்களா? ஒருத்தராவது அழுத்துனீங்களா? எத்தனை வருஷமா சொல்லிச் சொல்லி வளர்த்தேன்! இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு.”

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. “வால்டர், அந்தக் கடிதம் ஃபெதே அனுப்பினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? அனுப்புறதுக்கு முன்னாடியே எங்கிட்ட காட்டினானே. ஆனா சட்டம்னா சட்டம்மா. யார் அனுப்பினாலும் அழுத்தச் சொன்னா மோசடிதான். நான் உண்டாக்கின சட்டத்தை நானே மீறலாமா?”

வெட்கமே இல்லாமல் அறை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தார். பாராட்டுக்குக் காத்திருந்தார் போலிருக்கிறது.

“ஒருத்தர்கூட அழுத்தல,” என்றார் மறுபடியும்.

“ஆமா வால்டர்,” என்றேன். “என் தேனீங்களும் அழுத்தல. செத்துப்போச்சுங்க.”