ஊற்று ரோடு

நெட்ரா முதலில் கணவர் டெல்மரின் இடது பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு நகத்தால் நெம்பினாள். புது பூட்ஸ். மலை ஏறினால் உனக்குக் கால் வீங்கும், ஒரு அளவு பெரிதாக வாங்கு என்று கடையிலேயே சொன்னாள். டெல்மர் கேட்டால்தானே. இனி வலிக்கப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கால்களை அப்படியே இறுக்கத்தில் விட்டுவைக்க மனம் வரவில்லை.

அவர் வேலிக் கம்பத்தில் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தார். மேலே ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை, மடியில் போன். கண்களை அவள்தான் மூடினாள். வேலிக்கு அந்தப் பக்கம், கல்லெறியும் தூரத்தில் அவர் சுட்ட மான் கிடந்தது. கொம்பு மட்டும் புதருக்கு மேலே தெரிந்தது.

"விடும்மா. அதெல்லாம் வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்," என்றான் மகன் லின்டன். கீழே கூடாரத்தில் கோவேறு கழுதையோடு இருந்தவன், அவள் போன் செய்ததும் அதையும் இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்திருந்தான்.

"வீட்டுக்குப் போறவரைக்கும் அவரு கால் என்ன பண்ணும்?" என்றாள். குனிந்து வலது காலை அவன் எடுத்துக்கொண்டான்.

அந்த மலையில் மான் வேட்டைக்கு வருடத்துக்குக் கொஞ்சம் பேருக்குத்தான் சீட்டு. அதுவும் குலுக்கலில். விழாதவர்களுக்கு ஆறுதலாக ஒரு புள்ளி கொடுத்து, அடுத்த வருடம் வா என்பார்கள். புள்ளி கூடக் கூட வாய்ப்பும் கூடும். டெல்மர் புள்ளி சேர்க்க ஆரம்பித்தபோது லின்டனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது லின்டனின் மகள் கார் ஓட்டுகிறாள். ஒவ்வொரு மே மாதமும் முடிவு வரும் அன்று, "இந்த வருஷமும் மானுக்குத்தான் அதிர்ஷ்டமா?" என்று நெட்ரா அடுப்படியிலிருந்து கத்துவாள். இந்த மே மாதம் பதிலே வரவில்லை. வந்து பார்த்தால் மனுஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

சீட்டு வந்தும் வழி வரவில்லை, அதுதான் கூத்து. மலை அரசாங்கத்துடையது, அதாவது எல்லோருடையதும். ஆனால் மலையடி ஊற்றைத் தாண்டி மேலே போகும் மண்ரோடு ஓரின் டால்ட்டனின் மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்து போகிறது. சில வருடங்களுக்கு முன்னால் எவனோ ஒரு வேட்டைக்காரன் மான் என்று நினைத்து ஓரினின் கிடாரியைச் சுட்டுவிட்டான். மறுவாரமே அந்த ரோட்டுக்கு இரும்புக் கதவும் சங்கிலியும் வந்துவிட்டன. டெல்மர் பழைய வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு கவுன்ட்டி நிர்வாகக் கூட்டத்துக்குப் போனார். அது நம் தாத்தாக்கள் போட்ட பொது ரோடு என்று தனியாளாக நின்று பேசினார். தோற்றார். அதற்குப் பிறகு மலைக்குப் போக வேண்டுமென்றால் வடக்கே சுற்றிப்போய், செங்குத்துச் சரிவில் நடந்துதான் ஏற வேண்டும். நேற்று அப்படித்தான் ஏறினார், எழுபத்தொரு வயதில், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு.

டெல்மரும் ஓரினும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமை அப்பத்தட்டைக் கைமாற்ற நேர்ந்தால் இருவருமே கண்ணைத் தட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று நெட்ராவுக்கு எரிச்சலாக வரும். ஒரு வார்த்தை கேட்டால் ஓரின் கதவைத் திறந்துவிடுவார் என்று ஊருக்கே தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இன்று விடியற்காலையில் மான் வந்தது. ஒரே குண்டு. அடிபட்ட மான் வேலியைத் தாவி, அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"குனிஞ்சு போய் இழுத்துட்டு வா. யாரு பாக்கப் போறா?" என்றாள் நெட்ரா.

"நிலம் அவனோடது. கேக்காமப் போகக் கூடாது."

"ரோட்டுக்குக் கேக்க மாட்டே, மானுக்கு மட்டும் கேப்பியா?"

"ரோடு எல்லாரோடதும்டி. நம்ம ரோட்ட அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? கேட்டா, அது அவனோடதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." அவர் ஓரினுக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தார். "எடுப்பான். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருப்பான்," என்று சொல்லிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நெட்ரா திரும்பி, பிளாஸ்கிலிருந்து அவருக்குச் சூடான கோக்கோ ஊற்றினாள். கோப்பையோடு திரும்பியபோது அவர் இல்லை.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. லின்டன் போன் செய்து அழைத்த வனவிலங்குத் துறை அதிகாரி டேசன் ரோட்டு வழியாகவே மேலே வந்துவிட்டான். அவனிடம் அந்தக் கதவுக்குச் சாவி உண்டு. சர்ச்சின் ஞாயிறு வகுப்பில் நெட்ராவிடம் பாட்டு படித்த பையன், இன்னும் சர்ச் வழக்கப்படி அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான்; இப்போது இடுப்பில் துப்பாக்கி. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"ஷெரிஃப் ஆபீஸ்லயும் டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், சிஸ்டர். எடுத்துட்டுப் போகலாம்னு சொல்லிட்டாங்க." பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "நல்ல மான்."

"நல்ல மான்தான்," என்றாள் நெட்ரா. "பக்கத்துல போய்க்கூடப் பாக்கல மனுஷன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், ஆனால் நிறைய அழுதாள். லின்டன் அவள் முதுகில் கை வைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது வண்டி வந்தது. ஓரின் டால்ட்டன், திறந்த சிறிய பண்ணை வண்டியில். டேசனின் வண்டி மேலே போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இறங்கி நாலு எட்டு வைத்தவர், டெல்மரின் காலுறை போட்ட பாதங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நெட்ரா," என்றார். தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். "போன் மேசை மேலதான் இருந்துச்சு. அவரு பேரு வந்துச்சு. மறுபடி ரோட்டப் பத்தி ஆரம்பிக்கப் போறாருன்னு நெனச்சு எடுக்காம உக்காந்திருந்தேன்."

"மானுக்காகக் கூப்பிட்டாரு."

ஓரின் திரும்பி, தன் நிலத்தில் கிடந்த மானைப் பார்த்தார். பிறகு வேலியை. பிறகு இந்தப் பக்கம் கம்பத்தில் சாய்ந்திருந்தவரை.

"வேலி தாண்டலையா?"

"தாண்டல."

ஓரின் கம்பியை விலக்கிக்கொண்டு போய், கொம்பைப் பிடித்துத் தனியாகவே மானை இழுத்து வந்தார். அவருக்கும் வயது குறைவில்லை. டேசன் உதவிக்குப் போனபோது கையாலேயே வேண்டாம் என்றார். வேலிக்கு அடியில் மானைத் தள்ளி, இந்தப் பக்கம் டெல்மருக்குப் பக்கத்தில் சேர்த்தார்.

டேசன் தயங்கினான். சுட்ட மானுக்கு உடனே சீட்டைக் கட்ட வேண்டும். சீட்டுக்காரர் கையால்தான் கட்ட வேண்டும்.

"இப்ப இது யாரு மான்?" என்றான் லின்டன். "அப்பா செத்துட்டா அரசாங்கம் எடுத்துக்குமா?"

"சுடும்போது உயிரோட இருந்தாரு," என்றான் டேசன், யாருடைய முகத்தையும் பாராமல். "என் கணக்குல இது அவரு மான்தான். கட்டுங்க, சிஸ்டர்."

டெல்மரின் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தாள். இருபது வருடம் கண்ணில் காட்டாத காகிதம். கட்டக் கயிறு தேடினார்கள். கையில் இருந்த பூட்ஸ் கயிற்றாலேயே அதைக் கொம்பில் கட்டினாள்.

"சரி, அவரக் கெளப்பலாம்," என்றார் ஓரின். "ரோட்டு வழியாவே கொண்டு போங்க. நான் அனுமதி தர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் நெட்ராவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் போய் நின்றது. இத்தனை வருடமும் அந்தச் சண்டையைக் கேலி செய்தவள் அவள். இன்று காலையில்கூடக் கேலி செய்தாள். அவளுக்கு முட்டி வலி, ரோடு அவளுக்கும் சுகம்தான். ஆனால் உயிரோடு இருந்தவரை டெல்மர் விட்டுக்கொடுக்காததை, அவர் வாய் மூடிய பிறகு நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

"அனுமதி வேண்டாம், ஓரின்."

"அம்மா!" என்றான் லின்டன்.

"கழுதை இருக்கு. வந்த வழியாவே எறங்கலாம்."

"அந்தச் சரிவுலயா? இருட்டிடும். அப்பாவ மான் மாதிரி கழுத மேல குறுக்கப் போட்டுக் கட்டச் சொல்றியா? என்னால முடியாதும்மா."

"நான் கட்டறேன்."

டேசன் மெல்ல, "என் வண்டியில வைக்கலாம், சிஸ்டர். அரசாங்க வண்டி. சாவியும் என்கிட்ட இருக்கு. நாம யாரையும் கேக்க வேண்டியதில்ல," என்றான்.

"அந்தச் சாவி யாரு குடுத்தது?"

டேசன் ஓரினைப் பார்த்தான். "அவருதான்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

ஓரினின் முகம் சிவந்தது. கோபமா, அவமானமா, தெரியவில்லை. "நான் என்னதான் பண்ணட்டும், நெட்ரா? சொல்லுங்க, பண்றேன்."

"உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல, ஓரின். கோபத்துலயும் சொல்லல. போன எடுத்திருந்தாலும் அவரு போயிருப்பாரு. நெஞ்சு அப்படி. அத மனசுல வச்சுக்காதீங்க."

ஓரின் தொப்பியைப் போடாமலே வண்டியில் ஏறி, கீழே இறங்கிப் போனார். தூசி மட்டும் ரோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"அந்தாளையும் விரட்டிட்டே," என்றான் லின்டன். "இப்ப சந்தோஷமா? அப்பா பிடிவாதம் அப்பாவோட போகட்டும்னு விட மாட்டியா?"

நெட்ரா கம்பளியை உதறிக் கழுதையின் முதுகில் போட்டாள். மகன் சொல்வதில் நியாயம் இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. கழுதை மான் வாடை பிடித்து ஒதுங்கி ஒதுங்கிப் போனது. லின்டன் அழுதுகொண்டே அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்தான். தூக்கப் பார்த்தான், முடியவில்லை. கனத்தால் அல்ல. அப்படியே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நெட்ரா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் தப்பு செய்கிறேனோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"சிஸ்டர்," என்று டேசன் கூப்பிட்டான். வண்டிப் பக்கம் நின்று தொலைநோக்கியில் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க வாங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். முதலில் புதர்தான் தெரிந்தது, பிறகு ரோடு, பிறகு நெடுஞ்சாலை ஓரம் அந்த இரும்புக் கதவு. அது வேலியோடு வேலியாக முழுக்கத் திறந்து கிடந்தது. சங்கிலி தரையில் கிடந்தது. ஓரின் தள்ளிப்போய், தன் வண்டியில், ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

நெட்ரா நெடுநேரம் பார்த்தாள்.

"போகும்போது உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"நாம ஏதாவது கேட்டோமா?"

டேசன் யோசித்துவிட்டு, "இல்ல," என்றான்.

"வண்டியத் திருப்பு."

மூன்று பேருமாக டெல்மரை வண்டியின் பின்தட்டில், கம்பளி விரித்துப் படுக்க வைத்தார்கள். நீட்டிப் படுக்க இடம் இருந்தது. பக்கத்தில் மானை வைத்தார்கள். லின்டன் பின்னால் ஏறி, அப்பாவின் தலையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டான். கழுதையை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டு, பிறகு வந்து ஓட்டிப் போகலாம் என்று முடிவு செய்தார்கள். நெட்ரா முன்னால் டேசன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டேசன் மெதுவாகத்தான் ஓட்டினான். ரோடு, அத்தனை சண்டைக்கும் காரணமான ரோடு, அவள் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல். ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன. ஊற்று வந்து போனது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ரோடு முடிந்துவிட்டது.

கதவைத் தாண்டியதும் டேசன் பழக்கத்தில் பிரேக்கை அழுத்தினான். அந்த ஊரில் வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர்தான் இறங்கிக் கதவைப் பார்க்க வேண்டும். வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூட வேண்டும், திறந்திருந்தால் தொடக் கூடாது. கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

"மூடணுமா, சிஸ்டர்?" என்றான். "காலைல நான் வந்தப்ப பூட்டியிருந்துச்சு."

"இப்ப நாம வந்தப்ப?"

டேசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "தெறந்திருந்துச்சு."

"அப்ப அப்படியே விடு."

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ஓரின் இறங்கி வந்து சங்கிலிக்குப் பக்கத்தில் நிற்பதை நெட்ரா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். எதிரே ஆரஞ்சு நிறத் தொப்பிகளோடு ஒரு பழைய டிரக் வந்தது. கதவுக்கு நேரே வேகத்தைக் குறைத்து, இது நிஜம்தானா என்று பார்ப்பதுபோல் நின்றது. ஓரின் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கைகள் தொங்கியபடி இருந்தன. டிரக்கின் விளக்கு ஒரு முறை மினுக்கியது. பிறகு அது உள்ளே திரும்பியது.