கதவைத் தட்டாமல் கொடுக்க ஒரு பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு மின்சாதனக் கடையில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தவறவிட்டுப் போன ஒரு வாக்கியத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டில் இணையம் சமையலறை வாசலோடு நின்றுவிடும், அழைக்காத விருந்தாளி மாதிரி. எழுதும் அறைவரை அதைக் கூட்டிவர இன்னொரு ரௌட்டர் வாங்கப் போயிருந்தேன். அந்தப் பெண்மணி கடைக்காரரிடம் கேட்டார்:

"நல்லா நீளமான வயர் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு வேணும். கதவத் தட்டாமலே உள்ள கொடுக்கிற மாதிரி."

"தட்டாம கொடுக்கிற மாடல் இன்னும் வரலீங்க" என்றார் கடைக்காரர். "நீளமா வேணா தரேன்."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் ரௌட்டர் வாங்க மறந்து வீடு திரும்பினேன். அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. யாருடைய கதவு அது? ஏன் தட்டக்கூடாது? வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காததால், மீதியை நானே இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2

மழை வரும்போலிருந்த ஒரு மாலையில், அவள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி...

[மழை எதற்கு? ரௌட்டர் கதைக்கு மழை வேண்டாம். அடித்துவிட்டேன்.]

ரௌட்டர் என்பது மனித உறவுகளின்...

[இதைப் படிக்கிறவர் புத்தகத்தை மூடிவிடுவார். நானே மூடிவிடுவேன்.]

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். ரயில் பெட்டிபோல நீளமான வாடகை வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் ரௌட்டர். ஒரு நடைவழி. அடுத்து நடு அறை. அதற்குப் பின்னால் துணி காயப்போட ஒரு சின்ன வெளி. அதைத் தாண்டி, பிற்பாடு கட்டிச் சேர்த்த பின்னறை. நடு அறையின் சன்னலும் பின்னறையின் சன்னலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பின்னறையில்தான் அவள் வேலை செய்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களை, திரையில் முகம் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப அழைத்துவர வேண்டும். தெருச்சத்தம் ஆகாது. அதனால் பின்னறை. பின்னறைக்கோ இணையம் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும்.

அவளிடம் ஒரு பஸ் டிரைவர் பயில்கிறார். எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். சாப்பிட்டீர்களா, ஆமா. வலிக்கிறதா, ஆமா. வேறு சொல்லே இல்லை. வாரக்கணக்கில் 'போலாம்' என்ற சொல்லை அவள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆயுள் முழுக்க வண்டி கிளம்பும்போது கண்டக்டர் சொல்லி அவர் காதில் விழுந்த சொல். அதுதான் முதலில் திரும்பும் என்பது அவள் கணக்கு.

ஒருநாள் அவர் உதடு குவிந்தது. "போ" வந்தது. அதோடு படம் உறைந்து நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டிரைவரின் மனைவி போன் செய்தார். "சொல்லிட்டாரும்மா, முழுசா சொல்லிட்டாரு. உங்க முகம் அப்படியே அசையாம இருந்துச்சா, தப்பா சொல்லிட்டோம்னு நெனச்சுட்டாரு. இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

மருத்துவமனை கனிவாகத்தான் சொன்னது: லைன் இப்படியே இருந்தால் டிரைவரை வேறொருவரிடம் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினால் அவர் புதிதாக இன்னொரு முகத்தோடு ஆரம்பிக்க மாட்டார். 'ஆமா' என்று சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுவார். அவளுக்கு அது தெரியும். அந்த ஒரு மனிதர் கையைவிட்டுப் போகக்கூடாது. இந்தக் கதையில் எனக்கிருக்கும் கவலையும் அது ஒன்றுதான்.

3

கணவன் நல்லவன், அவசரக்காரன். கடைக்கு ஓடி, சிக்னலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிவந்து, நேராகப் பின்னறையிலேயே சொருகினான்.

"பாரு, ஃபுல் சிக்னல்."

"சிக்னல் இருக்கு. ஒண்ணும் ஓட மாட்டேங்குதே."

"அது பழகணும்."

"அது என்ன, புது மருமகளா?"

எல்லாரும் செய்யும் தவறு இது.* வாங்குவதற்கே ஒன்றும் வராத இடத்தில் நின்றுகொண்டு அது எதைக் கொடுக்கும்? இணையம் நன்றாக இருக்கும் இடத்தின் ஓரத்தில், பாதி வழியில் அதை வைக்க வேண்டும். அந்த வீட்டில் பாதி வழி என்பது நடு அறை.

நடு அறையில் கணவனின் அண்ணன் இருக்கிறார். அவள் பெரியத்தான் என்று கூப்பிடுவாள். கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

* நானும் அப்படித்தான் செய்தேன். உதவி தேவைப்படுகிறவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டால் உதவியாகிவிடும் என்று நினைப்பு.

4

பெரியத்தான் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. பகல் முழுக்க ஒரு ரேடியோதான் துணை, அதுவும் உச்சத்தில். ஒருநாள் பயிற்சி நேரத்தில் அந்தச் சத்தம் தாங்காமல், சன்னலைச் சாத்தப்போன அவள் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள்: "காது கேக்காதவருக்கு எதுக்கு ரேடியோ?"

எதையெதையோ கேட்காத காது அதை மட்டும் துல்லியமாகக் கேட்டது. அதன் பிறகு ரேடியோ சன்னமாயிற்று. அவளோடு பேச்சும் நின்றது. சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொள்வார், கழுவி வைப்பார், கதவைச் சாத்திக்கொள்வார்.

[இவ்வளவு சின்ன வார்த்தைக்கா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய வார்த்தையாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பார்கள். சின்னதாக இருந்ததால்தான் யாராலும் எடுத்துப் பேச முடியவில்லை.]

கணவன்தான் அண்ணனிடம் கேட்டான். "உங்க ரூம்ல ஒரு பெட்டி வைக்கணும்ணே. அவ வேலைக்கு."

"வைங்க."

இணைப்பு கொடுப்பவர் வந்தார். முன்னறை ரௌட்டரிலிருந்து நடு அறைவரை கேபிள். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதால், நடைவழி ஓரமாகப் போய்க் கதவுக்கு அடியில் நுழையும். நடு அறைச் சன்னலோரம் இரண்டாவது ரௌட்டர். அங்கிருந்து வெளியைத் தாண்டி, கம்பியில்லாமல், சன்னலிலிருந்து சன்னலுக்கு. பாதி தூரம் கம்பி, பாதி தூரம் காற்று.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கேபிள் அடியில் போவதால் அந்தக் கதவை இனி முழுதாகச் சாத்தவே முடியாது, ஒரு விரல் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும் என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து இரண்டு சுற்று நடந்தேன். எவ்வளவு அழகு! பிறகு கடைக்குப் போய் விசாரித்தேன். இப்போதெல்லாம் காகிதம்போலத் தட்டையான கேபிள் கிடைக்கிறதாம். எந்தக் கதவையும் தடுக்காதாம்.

ஆகவே கதவு நன்றாகவே சாத்திக்கொண்டது. மன்னிக்கவும்.

5

அவள் பயிற்சியில் இருந்ததால் வேலை நடந்ததைப் பார்க்கவில்லை. சாயங்காலம் கணவன் சொன்னான்.

"எல்லாம் ஓகே. சன்னலுக்கு முன்னாடி அண்ணனோட இரும்பு பீரோ நிக்குது, அது கொஞ்சம் மறைக்குதாம். பரவால்ல, ஓடும்னாரு வந்தவரு."

"நகர்த்தி வைக்கலாமே."

"யாரு நகர்த்துறது? யானைக் கனம். அவர்கிட்ட நான் கேக்க மாட்டேன்பா. 'வைங்க'ன்னு சொன்னதே பெரிசு."

ஓடியது, நொண்டி நொண்டி. இன்னொன்றும் நடந்தது. நடு அறை ரேடியோ அடியோடு நின்றுவிட்டது. சன்னமாகக்கூட இல்லை.

"வீம்பு" என்றான் கணவன். "நம்ம பெட்டிய வச்சோம்ல, அதுக்கு."

அவளுக்கு அந்த அமைதி ரேடியோவைவிடச் சத்தமாக இருந்தது. பயிற்சிக்கு நடுவில் கண் தானாக, துணித்திரை போட்ட எதிர்ச் சன்னலுக்குப் போகும். திட்டியிருந்தால் தேவலை. இது என்ன, ஒரு மனிதர் ஒன்றுமே செய்யாமல் இப்படி ஓயாமல் உறுத்துவது?

பிறகு ஒருநாள், காரணமே தெரியாமல், இணையம் தெளிந்த தண்ணீர்போல ஓட ஆரம்பித்தது.

"நான்தான் ரீஸ்டார்ட் பண்ணேன்ல" என்று கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அந்த வாரம் டிரைவர் உதட்டைக் குவித்தார். மூடினார். மறுபடி குவித்தார். படம் நிற்கவில்லை. அவள் முகமும் அவருக்கு நிற்காமல் தெரிந்தது.

"போ... லாம்."

"போலாம்" என்றாள் அவள்.

"போலாம்" என்றார் டிரைவர். அவர் மனைவி பின்னாலிருந்து, "எங்க போறது, மொதல்ல மாத்திரையப் போடுங்க" என்றார். டிரைவர் "ஆமா" என்றார். முதல்முறையாக அது சரியான பதிலாக இருந்தது.

[கதையை இங்கேயே நிறுத்த ஆசை. ஆனால் கடைக்கு வந்த பெண்மணி இன்னும் வரவில்லை.]

6

மின்சாரம் போய்வந்த ஒரு காலையில் இணையம் திரும்பவில்லை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். பெரியத்தான் மூக்குக்கண்ணாடி மாற்றக் கடைக்குப் போயிருந்தார். ரௌட்டரை அணைத்துப் போட, அவள் அந்த அறைக்குள் போக வேண்டியதாயிற்று.

சன்னல் முழுதாகத் தெரிந்தது. பீரோ அங்கே இல்லை, எதிர்ச்சுவரில் இருந்தது. தரையில் இரண்டு வெள்ளைக் கீறல்கள் வளைந்து போயின; நடுநடுவே விட்டுவிட்டு. ஒரு ஆள் தனியாகத் தள்ளி, நின்று மூச்சு வாங்கி, மறுபடி தள்ளியிருக்கிறார்.

பிறகு சுவரைப் பார்த்தாள். அந்த அறையில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் ரௌட்டர் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் ரேடியோ. அதன் வயர் ஒழுங்காகச் சுற்றப்பட்டு, ப்ளக் மேலே பார்த்தபடி, ரேடியோவின் தலையில் உட்கார்ந்திருந்தது.

வீம்பு இல்லை. இடம் இல்லை. அவ்வளவுதான்.

அவசரப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நல்லதை நம்பவே பிரியப்படுகிறவன் நான்; அந்தப் பிரியம் கண்ணை மறைக்கும். வீம்பும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கிக் கொடு என்று தம்பியிடம் கேட்காதது எதில் சேர்த்தி? ஆனால் கீறல்களுக்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை. வீம்புக்கு ரேடியோவை நிறுத்தலாம். வீம்புக்கு யாரும் பீரோவை நகர்த்துவதில்லை.

அவள் ரௌட்டரை அணைத்துப் போட்டாள். விளக்கு பச்சையாகும்வரை நின்றாள். அன்றைக்கே கடைக்கு வந்தாள்.

7

இப்போது அவள் பெட்டியோடு சாத்திய கதவின் முன் நிற்கிறாள். அவர் உள்ளேதான் இருக்கிறார். நான் எழுதிப்பார்த்த முடிவுகள்:

அ) கதவைத் தட்டுகிறாள். "பெரியத்தான், என்னை மன்னிச்சிடுங்க" என்று தழுதழுக்க...

[அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவரும் தாங்க மாட்டார். போட்டிருக்கும் கண்ணாடியையே தேட ஆரம்பித்துவிடுவார்.]

ஆ) பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிறாள். அவர் எடுத்துக்கொள்கிறார்.

[இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. வலது கை தருவதை இடது கை அறியாமல் தருவதைக் கடவுள் கவனிப்பார் என்று நம்புகிறவன் நான். ஆனால் இரண்டு நாளாக இது உறுத்துகிறது. அவர் மௌனமாகச் செய்தது பெருந்தன்மை. அவளும் மௌனமாகவே செய்தால்? மன்னிப்புக் கேட்பதிலிருந்து நழுவ அதுவும் ஒரு வழி. அந்தக் கதவு இனி எப்போதுதான் திறக்கும்?]

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெட்டியைக் கொடுத்தால் ரேடியோ திரும்பும். அவர் கேட்கும் அளவுக்கு வைத்தால் பின்னறைக்கும் கேட்கும். டிரைவர் இப்போதுதான் ஒரு சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு வந்திருக்கிறார். கொடுக்காமல் விட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவரும் கேட்கப்போவதில்லை.

நான் முடிக்கப்போவதில்லை. நல்லவர்கள் இருவருக்கு நடுவில் நுழைந்து பேச எனக்குத் தகுதி போதவில்லை. ஆனால் கடையில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பணம் கொடுத்துவிட்டு வாசல்வரை போன அந்தப் பெண்மணி திரும்பி வந்தார்.

"வேற மாத்திக் கொடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கணும்."

"எதுக்குங்க?"

"ஒண்ண நிறுத்தினா இன்னொண்ணு நிக்கக் கூடாது. எத எப்ப நிறுத்தறதுன்னு அவரே பாத்துக்குவாரு."

அவரே. அவள் அப்படித்தான் சொன்னாள், பயிற்சி நேரத்தில் ரேடியோவை நிறுத்த அவருக்குத் தெரியும் என்று அவர்மேல் நம்பிக்கை வைத்து. அதைத்தான் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கதவைத் தட்ட வேண்டும். இன்றைய பயிற்சிக்கு டிரைவர் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாயிற்று.

பெட்டி இப்போது உங்கள் கையில் இருக்கிறது.