நாங்கள் மூடிய குழி

விடிவதற்கு முன்பே லாரி வந்துவிட்டது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அந்த நேரத்துக்குச் சுக்கு நெடியும் காயல் சேறும் கலந்து ஒரு வாடை எழும். மூக்கில் ஏறினால் சாயங்காலம் குளித்தாலும் போகாது. சங்கிலிப்பாண்டி மேலே நின்று மூட்டைகளைத் தள்ளிக் கொடுக்க, கீழே நாங்கள் வாங்கினோம். ஆண்களுக்கு முழு மூட்டை, பெண்களுக்கு அரை மூட்டை. நடக்கிற தூரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நடைபாதையைத் தாண்டித்தான் சரக்குக் கிட்டங்கிக்குள் போக வேண்டும். நடைபாதை என்பது சாக்கடைமேல் வரிசையாகப் போட்ட கல்பலகைகள். கிட்டங்கி வாசலுக்கு நேரே இருந்த பலகை போன வாரமே விரிசல் விட்டுவிட்டது. வாசலோடு ஒட்டி நிறுத்தினால் சீக்கிரம் இறக்கலாமென்று முதலாளி வெங்கடேஸ்வரன் அப்போது லாரியைப் பின்னால் ஏற்றச் சொல்லியிருந்தார். சக்கரம் ஏறியதும் கல் முறிகிற சத்தம் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. விரிசலை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டோம்.

எங்களோடு அரை மூட்டை சுமக்கிற சந்தனமாரியும் பழகியிருந்தாள். அன்று ஒரு சைக்கிளுக்கு ஒதுங்கியதில் காலை மாற்றி வைத்துவிட்டாள். பலகை இரண்டாக ஒடிந்தது. வலது கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று.

பின்னால் வந்த நான் என் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடிப்போய் முதலில் எதைப் பிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் தலையிலிருந்து சரிந்த மூட்டையைத்தான் பிடித்தேன். தண்ணீர் பட்டால் சுக்கு பூசணம் பிடிக்கும். இருபது வருஷமாக என் கைகளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மூட்டையை உலர்ந்த இடத்தில் வைத்த பிறகே அவள் அக்குளில் கை கொடுத்தேன்.

கணுக்காலுக்கு மேலே எலும்பு வெளியே வந்திருந்தது. உதடு வெளுத்துப்போய் அவள் கேட்டாள்: “மூட்ட நனஞ்சிருச்சா வீரபாண்டியண்ணே?”

அவளோடு சுக்குப் புடைக்கிற கங்கா ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நானும் சங்கிலிப்பாண்டியும் ஒடிந்த துண்டுகளை எடுத்துப் பொருத்தி, அடியில் செங்கல் முட்டுக்கொடுத்து, மேலே ஒரு சாக்கை விரித்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழி. ரத்தத்தை நாலு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினோம். வழியில் முள் கிடந்தால் எடுத்து ஓரமாகப் போடுகிற பழக்கம் எங்களுக்கு. பிறகு மிச்ச மூட்டைகளையும் இறக்கி முடித்தோம்.

மதியம் கங்கா திரும்பி வந்தாள். சேலை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

“கால் இருக்குமாம். சொம எடுக்க ஆகாதாம்” என்றாள். “கமலாக்ஷின்னு ஒரு நர்ஸ் சேச்சி, பாலக்காட்டுக்காரி, சொன்னாங்க. எங்க விழுந்தா, எப்படி விழுந்தான்னு டாக்டர் புக்கில எழுதிக்கணும். அத நானே நின்னு எழுத வச்சிட்டேன். போலீஸ் ஸ்டேஷன்ல பராதி எழுதிக் கொடுக்கணும். கார்ப்பரேஷன் ஓவர்சியர் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த எடத்த யாரும் தொடக் கூடாது.”

நான் சாக்கைப் பார்த்தேன். கங்காவும் பார்த்தாள். “அய்யோ, என்ன காரியம் செஞ்சீங்க!”

வெங்கடேஸ்வரன் குடையோடு வந்து இறங்கினார். ஏழெட்டுப் பேராகப் போய், குழியில் அவள் விழுந்ததைச் சொன்னோம்.

“குழியா? எந்தக் குழி?” அவர் நேராக அந்தச் சாக்கின்மேல் ஏறி நின்றார். “இதோ நிக்கறேனே, நான் விழுந்தேனா?”

“நாங்க முட்டுக்கொடுத்து மூடினோம் மொதலாளி. ஒங்க லாரி ஏறித்தான் ஒடைஞ்சது” என்றேன்.

“மூடினது நீங்க. கழுவினது நீங்க. இப்போ குழி இருந்ததுன்னும் நீங்களே சொல்லணுமாக்கும்? தலை சுத்தியிருக்கும், விழுந்திருப்பா. பாவம். ஆஸ்பத்திரிச் செலவு நான் பார்த்துக்கறேன். இதில அவகிட்ட ஒரு கைநாட்டு வாங்கிண்டு வாங்கோ.”

அவர் நீட்டிய காகிதம் மலையாளத்தில் இருந்தது. எங்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் இங்கேயே பிறந்த கங்கா ஒருத்திதான். சாயங்காலம் சந்தனமாரியின் கட்டில் பக்கத்தில் நின்று படித்தாள்: “வீட்டுப் படியில் தலைசுற்றித் தானாக விழுந்தேன். யார்மேலும் புகார் இல்லை.”

சந்தனமாரி கட்டுப் போட்ட காலை அடுத்தவர் கால்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் இல்லை.

“சொம எடுக்காத கால வச்சு நான் என்னண்ணே செய்ய?”

குழியை மூடியதைச் சொன்னேன். மூட்டையை முதலில் பிடித்ததையும் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றாள். “நானா இருந்தாலும் அதத்தான் புடிச்சிருப்பேன்.” காகிதத்தைக் கங்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். “மூடினது நீங்கதான? போய்த் தெறங்க.”

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது திறந்தோம். துண்டுகளைப் புரட்டி வைத்தோம். அடிப்பக்கத்து இடுக்கில் நாங்கள் கழுவாத ரத்தம் கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. யாரும் விழுந்துவிடாமல் குழியைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றோம். கங்கா இரவே எழுதிய பராதியில் எங்கள் பதினோரு கைநாட்டுகளும் இருந்தன. ஸ்டேஷனில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, கார்ப்பரேஷன் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நின்று ஓவர்சியரைக் கூட்டிவருவதாகச் சொல்லிப் போனாள்.

லாரி வந்தது. அதன் பின்னால் முதலாளி, ஒரு கொத்தன், புதுப் பலகை ஒன்று.

“விலகுங்கோடா. கல்லைப் போடட்டும்.”

“ஓவர்சியர் பார்க்கட்டும் மொதலாளி. அப்பறம் போடலாம்.”

“நாளைக்கே வேற ஆள் வச்சுப்பேன். பாண்டியிலேர்ந்து தினம் ஒரு ரயில் ஆள் வரது!”

பக்கத்துக் கிட்டங்கியில் சுமை தூக்குகிற மலையாளி அப்பு சேட்டன் தலைச்சுமையோடு நின்று பார்த்தார். தமிழ்க்காரர்களான எங்களைப் ‘பாண்டி’ என்று கேலி செய்யாமல் அவருக்குச் சாயா இறங்காது. “எந்தா பாண்டிகளே, குழிக்குக் காவலா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒடிந்த பலகையைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். மூட்டையை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

“இந்தக் கல்லு மேல ஞானும்தானே நடக்கறது?” என்று வந்து என் தோளை ஒட்டி நின்றார். பன்னிரண்டு பேரானோம்.

கொத்தன் எங்கள் முகங்களைப் பார்த்தான். கரண்டியைத் துடைத்துச் சட்டிக்குள் போட்டுவிட்டான்.

மழை வலுத்தது. லாரியின் தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடத்தது. தண்ணீர் மூட்டைகள்மேல் நேராக இறங்கிற்று.

“மூட்டை நனையறது! ஏய், கண்ணில்லையா? மூட்டை நனையறது!” என்று முதலாளி கத்தினார்.

என் கைகள் தாமாக எழுந்தன. இருபது வருஷப் பழக்கம். ஒரு பக்கம் சங்கிலிப்பாண்டி ஒரு கையைப் பிடித்துக்கொண்டான், மறுபக்கம் அப்பு சேட்டன் இன்னொரு கையை. நாங்கள் ரோட்டின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓவர்சியர் இன்னும் வரவில்லை.