சங்குப்பூப் பாகும் ஒரு காலி பாட்டிலும்

1

இந்தக் கதை எனக்குச் சாக்கடையில் கிடைத்தது. அழகாக ஆரம்பிக்க ஆசைதான். "அதிகாலைப் பனியில் நீலப் பூக்கள்..." என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது, எழுதியதை அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: இன்று காலை குடியிருப்பின் பின்பக்க வேலியில் சங்குப்பூ பறிக்கப் போனேன். தரைத்தளத்து வீட்டின் சமையலறைக் குழாய் சாக்கடையில் விழும் இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. குழாயின் வாய்க்குக் கீழே சிமெண்டில் ஒரு நீலக் கறை.

அந்த நீலம் எனக்குத் தெரியும். இந்த வாரம் என் அடுப்பில் கொதித்தது அது.

2

பாத்திரங்கள் இரண்டே பேர். நான், மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவள், கதை எழுதுகிறவள். [வயதைப் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். கதைக்குத் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை.] அவர், தரைத்தளத்தில் தனியாக இருப்பவர், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிசெய்வார். எங்கள் லிஃப்டில் மட்டும் ஏறமாட்டார். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் ஏறுவானா மேடம்?" என்பார். என் வீட்டுக்குப் படியேறித்தான் வருவார்.

3

பாகு காய்ச்சும் விதத்தைச் சொல்லாவிட்டால் கதையில் சத்து இருக்காது. வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். வேலியில் சங்குப்பூ; மூடிக் கிடக்கும் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே செம்பருத்தி. பச்சைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் இதழ்களைப் போட்டு மூட வேண்டும். சாயம் இறங்கியதும் துணியில் வடித்து, சர்க்கரை போட்டு, கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். அசந்தால் பாட்டிலுக்குள் கற்கண்டாகிவிடும். எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். ஆனால் அதைக் காட்ட ஆள் வேண்டும். தனியாக நின்று "அட!" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாக இல்லை.

தங்கை ஒருமுறை போனில் கேட்டாள்: "அக்கா, ரோட்டோரப் பூவையெல்லாம் பறிச்சுக் காய்ச்சுறியே, குடிச்சுட்டு யாராவது வாயில நுரை தள்ளினா என்ன பண்ணுவ?"

"குடிக்க யாருடி இருக்கா?"

அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அந்த வாரம்தான் முதல் பாட்டில் தரைத்தளத்துக்குப் போனது.

4

கொடுத்த சில நாளில், கழுவித் துடைத்த காலி பாட்டிலோடு அவர் வருவார். வாசலைத் தாண்டமாட்டார்.

"கலர் என்ன கலர் மேடம்! ஜன்னல்ல வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"பிடிச்சிருந்துச்சா?"

"மூடியத் திறந்தா வாசனை வீடு பூரா! அடுத்து என்ன பூ?"

பிறகு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்வார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் பாதி வேலையாம். "நம்ம பேச்சு நின்னா பயந்துருவாங்க மேடம்."*

* வாரம் முழுக்க என் வாசலில் கேட்கும் ஒரே குரல் அது. வெட்கத்தை விட்டே சொல்கிறேன், அதற்காகத்தான் காய்ச்சுகிறேன்.

5

முடிவு ஒன்று. நாயகி விடுவிடுவென்று கீழே போகிறாள். "சாக்கடையில கொட்டுறதுக்கு வாங்காமலே இருந்திருக்கலாமே சார்!" அவர் தலையைக் குனிந்துகொண்டு... [நிறுத்திவிட்டேன். இதில் நியாயம் என் பக்கம்தான். ஆனால் அப்புறம் என் காலிங்பெல் அடிக்காது.]

முடிவு இரண்டு. அடுத்த பாட்டிலில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடிக்காமலேயே வந்து, "பிரமாதம்! தேன் மாதிரி..." என்பவரைக் கையும் களவுமாக...

இங்கே பேனா நின்றது. அவர் அப்படிப் பேசுவாரா? சந்தேகம் தீர, நான்காம் பகுதியைத் திரும்பப் படித்தேன். கலர் என்கிறார். வாசனை என்கிறார். ருசியைப் பற்றி மூச்சே விடவில்லை. பிடித்ததா என்று நேராகக் கேட்டும் நழுவியிருக்கிறார். [வாசகரே, நீங்கள் அப்போதே கவனித்திருந்தால் ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?]

அப்புறம்தான் நினைவு வந்தது. ஒருநாள் டீ வேண்டுமா என்று கேட்டதற்கு, "சர்க்கரை போடாம குடுங்க மேடம், டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு" என்று வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போனார். அதைக் கேட்ட அதே காதோடுதான் மறுநாள் போய்ப் பாகு காய்ச்சினேன். என்னைப் போல ஒரு மண்டு உண்டா!

குடிக்க முடியாததை அவர் ஏன் வாங்க வேண்டும்? கையில் காலி பாட்டில் இல்லாமல் மூன்று மாடி ஏறி வர அவருக்கு ஒரு சாக்கும் இல்லை. பாகு இல்லாமல் கீழே இறங்க எனக்கும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. கதைக்கு அது தேவையில்லை. ஆனால் வந்தது.

6

கறையைப் பார்த்த பிறகும் பூவைப் பறிக்காமல் வரவில்லை. பறித்ததை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி பாகாகிப் பாட்டிலில் இருக்கிறது. மறுபாதியில் சர்க்கரை போடவில்லை. சர்க்கரை இல்லாத பூத்தண்ணீர் வைத்தால் நிற்காது, கெட்டுவிடும். பாட்டிலில் கொடுத்தனுப்பும் சங்கதி இல்லை. உட்கார்ந்து அப்போதே குடித்தாக வேண்டும். இரண்டு டம்ளரில் ஊற்றி, எலுமிச்சையை நறுக்கி வைத்திருக்கிறேன். நாற்காலி மேல் இருந்த துணிமணிகளையும் எடுத்துவிட்டேன்.

டம்ளரை நீட்டினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரியும். கூசிப்போய் இனி இந்தப் படியே ஏறாமல் போகலாம். பாட்டிலை நீட்டினால் எறும்புகளுக்குக் கொண்டாட்டம். அடுத்த வாரமும் பெல் அடிக்கும். அடுத்த வாரமும் வாசலோடு சரி.

முடிவு மூன்று என்று எழுதிவிட்டுக் கீழே...

படியில் செருப்புச் சத்தம். பெல்.

"மேடம், இருக்கீங்களா?"

பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. பேச்சு நின்றால் பயந்துவிடுவார்கள் என்று சொன்னவரே அவர்தான்.

"இருக்கேன் சார், இதோ வர்றேன்!"

கதவைத் திறக்க ஒரு கை போதும். இன்னொரு கையில் எதை எடுத்துக்கொண்டு போகட்டும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். மூன்று மாடி ஏறி வந்த மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.