துணைத் தலைவர் இலை எடுக்கிறார்

கோயில் திருவிழாப் பந்தலில் முதல் பந்தி எழுந்ததும் என் வீட்டுக்காரர் நீலப் பிளாஸ்டிக் கூடையோடு வந்தார். மேசையில் விரித்திருந்த பேப்பரோடு சேர்த்து எச்சில் இலைகளை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போனார். எலும்புத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. குனிந்து அதையும் பொறுக்கினார். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சந்தனக் கலர் சட்டையில் தால்சாக் குழம்பு தெறித்திருந்தது. பச்சடிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நான் அரிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

அவர் பெயர் ஆன்டனி. பாகூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போன தேர்தலில் எங்கள் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் துணைத் தலைவராக ஜெயித்தவர். சாமியாருக்கு அடுத்த பதவி அது. கோயில் கட்டின நாளிலிருந்து கோயில் தெருக்காரர்கள்தான் அதில் உட்கார்ந்திருந்தார்கள். காலனியிலிருந்து ஒருத்தர் வந்தது இதுதான் முதல் தடவை. இவரிடம் படித்த கோயில் தெருப் பிள்ளைகளே சிலர் இவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜெயித்த அடுத்த ஞாயிறே பிரசங்கம் மாறிவிட்டது. எங்கள் லியோ பிரகாஷ் சாமி சின்ன வயசு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். தலைவன் என்பவன் பணியாளன், இயேசுவே சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று உருகிப் பேசினார். முன்வரிசையில் பழைய துணைத் தலைவர் கில்பர்ட் கண்ணை மூடித் தலையாட்டினார். அடேங்கப்பா! அந்த மனுஷர் பதவியில் இருந்த காலமெல்லாம் மாலை வாங்கினார், கொடி ஏந்தினார், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஆள் வந்ததும்தான் ஊருக்கே சுவிசேஷம் ஞாபகம் வந்தது.

அப்புறம் பேரவைக் கூட்டம் தவறாமல் அதே பாட்டுதான். "தலைவரே குனிஞ்சி வேல செஞ்சாதான் வாத்யாரே, ஜனம் ஒத்துமையா இருக்கும்" என்பார் கில்பர்ட். என் வீட்டுக்காரர் பெஞ்சு தூக்கினார். மழைக்கு அடைத்துக்கொண்ட கோயில் சாக்கடையைக் குத்திவிட்டார். கொடியேற்றத்தன்று துணைத் தலைவர்தான் கொடியை ஏந்தி வருவது எங்கள் ஊர் வழக்கம். அதையும், "தலைவர் எளிமையா இருக்கணும், புள்ளைங்க தூக்கட்டும்" என்று கில்பர்ட் தன் அண்ணன் மகன் கையில் கொடுத்துவிட்டார். இவர் ஓரமாக நின்று கைதட்டினார்.

அன்றைக்கு வீட்டில் நான் விடவில்லை.

"இன்னாங்க இது? உங்களுக்குப் புரியலயா, இல்ல புரியாத மாதிரி இருக்கீங்களா?"

"ஏசு செஞ்ச வேல சுகந்தி. அதுல இன்னா கொறஞ்சி போச்சி?"

"ஏசுவ யாரும் பெஞ்சி தூக்குன்னு சொல்லல. அவரா எழுந்தாரு, அவரா துண்ட எடுத்துக் கட்டுனாரு."

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "நான் கோச்சிக்கினு வெளிய வந்துட்டா, அதுக்கப்புறம் நம்ம பக்கம் ஒருத்தனையும் நிக்க வுட மாட்டாங்க. பொறுத்துக்கோ" என்றார். பொறுத்துக்கொண்டேன். திருவிழா வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு வெங்காயம் அரியும்போதுதான் ஒன்று உறைத்தது. வாளி தூக்கிப் பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் கோயில் தெரு. கூடை தூக்குகிறவர் இவர் ஒருத்தர். நேராகக் கில்பர்ட்டிடம் போய்க் கேட்டேன்.

"பரிமாற அவரையும் வுடலாமே?"

"அதுக்கெல்லாம் ஆள் போட்டாச்சிம்மா. வாத்யாருக்கு எதுக்கு சிரமம்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, இரண்டாம் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார்.

எச்சில் எடுப்பதில் இல்லாத சிரமம் சோறு போடுவதில் எங்கிருந்து வந்தது? எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். சமையல்கார பாயிடம் ஒரு வாளி பிரியாணி கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தார். வாளியைக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்தேன்.

"கூடைய கீழ வச்சிட்டு கைய நீட்டுங்க."

"வேணாம் சுகந்தி."

"நீங்க குனிஞ்சதெல்லாம் போதும். நீட்டுங்க."

சோப்புப் போட்டு, ஜக்குத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். என் முந்தானையாலேயே துடைத்தேன். பந்தலில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலைக்குப் போனார்.

"அண்ணே, போடட்டுமா?"

கில்பர்ட் இரண்டு கையையும் இலைமேல் விரித்து வைத்தார். "எனக்கு சுகருப்பா. வூட்ல போய் சாப்டுக்கிறேன்." சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏன் எழுந்தார் என்று ஊர் கேட்கும். பக்கத்து இலைக்காரரும் மெதுவாகக் கையை மேசைக்கு ஏற்றித் தன் இலையை மூடினார்.

லியோ பிரகாஷ் சாமி வேகமாக வந்தார். அங்கியின் கழுத்துப் பக்கம் வேர்வையில் நனைந்திருந்தது.

"சுகந்திக்கா, திருவிழா அன்னிக்கு வேணாமே. ஒத்துமை கெட்டுடும்."

"எந்த ஒத்துமை சாமி? எங்க இருக்குது, காட்டுங்க. நானும் பாக்குறேன்." வரிசையில் உட்கார்ந்திருந்த கோயில் தெருக்காரர்கள் பக்கம் கையை நீட்டினேன். "பாதம் கழுவுனத எங்களுக்குத்தான் சொன்னீங்க. இவங்களுக்கும் ஒரு தடவ சொல்லுங்க. இல்லன்னா நீங்க உக்காருங்க சாமி. முதல்ல உங்களுக்குப் போடட்டும்."

சாமி வரிசையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். காலியாக இருந்த ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்தார். இழுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

இவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எப்போதும் நகர்ந்துவிடுகிற மனுஷர். நகரவில்லை. வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கரண்டி நிறைய அள்ளினார்.

"போடட்டுமா அண்ணே?"

வகுப்பில் பதில் வரும் வரைக்கும் நிற்பாரே, அந்தக் குரல். ஆவி பறக்கிற கரண்டி கில்பர்ட்டின் கைகளுக்கு மேலே அப்படியே நின்றது. கரண்டியின் விளிம்பிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு அவருடைய புறங்கையில் விழுந்தது. சுட்டிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை.